எல்லை நடந்தவர்கள்

ஒரு நாட்டின் எல்லையை ஒரே பகலில் நடந்து முடித்திருக்கிறீர்களா? மோர்வாலில் முடியும். ஆல்ப்ஸ் மலையில் இரண்டு பெரிய நாடுகளுக்கு நடுவே கழன்று விழுந்த சட்டைப் பொத்தான் போலக் கிடக்கும் நாடு அது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பேரரசர் எழுதிக்கொடுத்த சாசனம் ஒரே வரிதான்: ஆண்டுதோறும் எல்லையை நடப்பவர்களுக்கே இந்த மண் சொந்தம்.

பேரரசு போய்விட்டது. சாசனம் போகவில்லை. ஆனால் மோர்வால்காரர்களுக்கு நடக்க அலுத்துவிட்டது. எல்லை நாளன்று திராட்சைத் தோட்டத் தொழிலாளிகளுக்குக் காலுக்குச் சப்பாத்தும் வழிக்குச் சாப்பாடும் கொடுத்து அனுப்பிவிட்டு, அவர்கள் சதுக்கத்தில் வைன் குடித்தார்கள்.

அப்படி நடந்தவர்களில், இலங்கைப் போருக்குத் தப்பி வந்த குகதாசனும் மனைவி தவமலரும் உண்டு. குடியுரிமை கேட்டு மூன்று தடவை விண்ணப்பித்தார்கள். அங்குள்ள வழக்கப்படி, குடிமக்கள் கூடும் குடிசபை உள்ளே கை தூக்கி முடிவு செய்யும். கேட்டவர் வெளியே மர வாங்கில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். மூன்று தடவையும் கைகள் உயரவில்லை.

இப்போது பக்கத்து நாடு ஒன்றுக்கு மோர்வாலின் ஏரி தேவைப்பட்டது. "நீங்கள் நடப்பதை விட்டுவிட்டீர்கள், சாசனம் செத்துவிட்டது" என்று வழக்குப் போட்டது. நீதிபதி அடிமானி என்ற கருவியோடு மலைக்கே வந்துவிட்டார். மிதித்த கல்லில் ஒவ்வொரு அடியின் பாரமும் நுண்ணிய தழும்பாகத் தங்கும். அடிமானி அதைப் படித்து, நடந்தவரை ஒளியுருவாக எழுப்பிக் காட்டும்.

"இந்த ஊராக்கள் தோத்தா எங்கட விசாவும் போச்சு," என்றாள் தவமலர். "இஞ்சாருங்கோ, பிறகு எங்க போறது?"

"நாடு நாடாப் போறது எங்களுக்குப் புதுசே?" என்றான் குகதாசன்.

எல்லைக் கல்மேல் ஒளி எழுந்தது. மரச்செருப்புக்காரர்கள் போனார்கள். நீள்பாவாடைப் பெண்கள் போனார்கள். ஓர் ஆண்டுகூட விடுபடவில்லை. பக்கத்து நாட்டு வழக்கறிஞர் கைக்குட்டையை எடுத்தார். கடைசியில் இடது காலை இழுத்து இழுத்து ஓர் உருவம் வந்தது. மலையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிக் குகதாசனைப் பார்த்தார்கள்.

"ஐயோ, உங்கட ஷெல் பட்ட காலப்பா!"

"பின்னால நாலடிக்கொருக்கா நிண்டு நிண்டு வாறது ஆர்? கதைக்காம உனக்கு நடக்கேலாது."

மோர்வால் வென்றது. தொப்பிகள் பறந்தன. பள்ளத்தாக்கில் மணிகள் அடித்தன. மேயர் ஆல்பிரெக்ட் ஓடிவந்து குகதாசனைக் கட்டிப்பிடித்தார்.

"எங்கள் நாட்டைக் காப்பாற்றிவிட்டீர்கள்!"

"எங்கள் என்றால் யாருடையது?" என்று கேட்டார் நீதிபதி. "மேயர், கொஞ்சம் கருவியின்மேல் நடந்து காட்டுங்கள்."

மேயர் நடந்தார். அடிமானி எல்லைக் கல்லில் அவர் நடையைத் தேடியது. ஒளி எழவில்லை. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக நடந்தார்கள். யாருக்கும் எழவில்லை.

நீதிபதி சாசனத்தின் ஒரே வரியை இன்னொரு தடவை உரக்க வாசித்தார்.

தவமலர் கணவனின் கையைப் பிடித்தாள். "இஞ்சாருங்கோ, அப்ப இது ஆரின்ர நாடு?"

"கத்தாத. எங்கட."

மறுநாள் காலை குடிசபை கூடியது. உள்ளே தோட்டத் தொழிலாளிகள் இருந்தார்கள். முதல் விண்ணப்பம் மேயருடையது. அவர் வெளியே வாங்கில் இருந்தார்.