முப்பத்தாறு டிகிரி

சார்ஜர் முப்பத்தாறு டிகிரி என்றது. பாட்டரிகளைத் தொட்டுப் பார்த்தால் ஆறும் சில்லென்று இருந்தன.

இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. பாட்டரிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது கம்பியின் பதினாலு வருட அனுபவம். எலும்பும் தோலுமாக இருந்ததால் வீட்டில் வைத்த பட்டப்பெயர் அது, தொழிலும் ஒயரோடுதான் என்று ஆனபிறகு எல்லோருக்கும் அவன் கம்பிதான். படகின் தரையில் முழங்காலிட்டு, பலகை மூடியைத் தூக்கிச் சாய்த்துவிட்டு, கீழே இருந்த பாட்டரி அறைக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஆள் குறுகி உட்காரலாம், கால் நீட்ட முடியாது, அவ்வளவுதான் இடம். ஈரப் பலகை வாடையும், அதற்கு அடியில் அழுகிய முட்டை நாற்றமும் லேசாக வந்தன.

"என்னடா, கண்டுபிடிச்சுட்டியா இல்ல தூங்கிட்டியா?" என்றார் பின்னால் நின்ற மச்சான். அக்காவின் கணவர். படகு அவருடையது.

"பாத்துட்டுத்தான் இருக்கேன், மச்சான்."

"சீக்கிரம் பாரு. காலைல படகு வாங்க ஆளு வர்றான், கூடவே ஒரு எலக்ட்ரீஷியனையும் கூட்டிட்டு வர்றானாம். மூணு வாரமா பாட்டரி பாதிக்கு மேல ஏறல. நீ மாட்டின சனியன்தானே, நீயே பதில் சொல்லு."

வா என்று ஒரு வார்த்தை இல்லை. உட்கார் என்று சொல்லவில்லை, குடிக்கத் தண்ணீர் கேட்டதற்குக் காது கேட்காதது போல நின்றார். கம்பியும் அவரிடம் உபசாரம் வாங்க வரவில்லை. நாற்பத்தோரு நாளாக அக்காவைக் காணோம். சண்டை போட்டுக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள் என்பது மச்சான் கதை. காவல் நிலையத்தில் அதைத்தான் எழுதிக்கொண்டார்கள். அவள் போவதற்கு முந்தின சாயங்காலம் கம்பிக்கு போன் செய்திருந்தாள். "தம்பி, ஒரு தடவ வந்துட்டுப் போயேன்." சார்ஜர் விஷயமாக இருக்கும் என்று நினைத்து, "காலைல பாக்கலாம்க்கா" என்று சொல்லி வைத்துவிட்டான். அந்தக் காலையில் அக்கா இல்லை. அக்கா எங்கே என்று தெரியாமல் இந்தப் படகைவிட்டு இறங்குவதில்லை என்ற முடிவோடுதான் வந்திருந்தான். சார்ஜர் ஒரு சாக்கு.

மூடி திறந்திருந்தபோது சுவரில் இருந்த சார்ஜரை எட்டிப் பார்த்தான். இருபத்தேழு. மூடியிருந்தபோது காற்று படாமல் சூடு தங்கியிருக்கும், வேறொன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சார்ஜரிலிருந்து கீழே போகும் மெல்லிய ஒயரின் முனையில் ஒரு சூடறியும் வளையம் இருந்தது. அதைக் கடைசி பாட்டரியின் முனையில் போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். அது கழன்று சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"இத யாரு கழட்டினது?"

"எனக்கென்ன தெரியும்? உங்கக்காவக் கேளு."

அவள்தான் இந்த சார்ஜர் வேண்டும் என்று கேட்டவள். அதற்கு முன்னால் மச்சான் வைத்திருந்தது லாரி பாட்டரிக்கானது, நிறுத்தத் தெரியாதது. பாட்டரி நிறைந்த பிறகும் விடாமல் ஊட்டிக்கொண்டே இருக்கும். படகு பாட்டரி அப்படி இல்லை, அடிவரை தீர்ந்து மறுபடி நிறைவது. அதற்கு முதலில் வேகமாகக் கொடுத்து, அப்புறம் நிதானித்து, கடைசியில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கொடுக்கும் கரண்ட் பாட்டரி கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு போதும், மேலே போனால் ஆபத்து. கம்பி இதையெல்லாம் சொல்லச் சொல்ல அக்கா கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். இந்த வளையம் சூடு பட்டால் சார்ஜர் பயந்து கையைச் சுருக்கிக்கொள்ளும், குளிர்ந்தால் அழுத்தித் தள்ளும் என்றபோது, "அப்ப இது கையில இருந்தா சார்ஜரே நம்ம சொல்பேச்சு கேக்குமா?" என்று சிரித்தாள். வீட்டில் யாரும் தன் பேச்சைக் கேட்பதில்லை என்ற குறை அவளுக்கு உண்டு.

வளையத்தை முனையில் மாட்டி, போல்ட்டை ஸ்பேனரால் நன்றாக இறுக்கினான். மூடியைப் போட்டான்.

இருபத்தேழு. இருபத்தெட்டு. முப்பது.

படகு ஆடியது. கட்டியிருந்த கயிறு முறுகி முனகியது. கரையில் இருந்த படகுப் பட்டறையில் ரம்பம் நின்று, கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. வேலையாட்கள் பேசிக்கொண்டே தூரப் போனார்கள். சன்னல் வழியாக வந்த வெளிச்சம் தரையைவிட்டு மெல்ல ஏறிச் சுவருக்குப் போனது.

முப்பத்துநாலு. முப்பத்தாறு. அங்கேயே நின்றது.

மூடியைத் தூக்கினான். கண் எதிரிலேயே இறங்கி, இருபத்தேழு. பாட்டரி சில்லென்றே இருந்தது. மூன்று தடவை திறந்து மூடினான், மூன்று தடவையும் அதே கதை. ஜுரமில்லாத மனுஷ உடம்பின் சூடு அது என்ற நினைப்பு வந்து, அதை அவசரமாகத் தள்ளிவிட்டான். மூடியின் விளிம்பில் ஒயர் நசுங்குகிறது, நசுங்கினால் கணக்கு தப்பும். ஒயரை வேறு பக்கமாக விட்டான், டேப் சுற்றினான். மூடினான்.

முப்பத்தாறு.

சார்ஜருக்கு ஞாபகசக்தி உண்டு. இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால், எந்த நிலையில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும். கடைசி வரியில் அவன் கண் நின்றது. கொதிக்க வைக்கும் நிலை, பதினோரு மணி நேரம். தண்ணீர் ஊற்றும் பாட்டரிகளுக்கு எப்போதாவது போடுவது அது. இவை மூடின பாட்டரிகள். இவற்றுக்கு அதைப் போட்டால் விஷவாயு கக்கும், தொடவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

"இத யாரு போட்டது, மச்சான்?"

"உங்கக்கா எதையாவது அமுக்கியிருப்பா."

அக்கா அமுக்கமாட்டாள். அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தான். இவ்வளவு நேரமும் மச்சான் அந்தப் பலகை மூடியை ஒரு தடவைகூட மிதிக்கவில்லை. எங்கே போனாலும் சுற்றிக்கொண்டுதான் போனார்.

"மூடி போட்டா மட்டும்தான் ஏறுது. உள்ள ஒருத்தர் இருந்து பாத்தாத்தான் தெரியும். நீங்க இறங்குங்க, நான் நம்பர் பாக்குறேன்."

"நான் அதுக்குள்ள இறங்கமாட்டேன்." சொல்லி முடித்த பிறகே அவருக்குத் தொப்பை ஞாபகம் வந்தது. "இந்த வயித்த வெச்சுக்கிட்டு எங்க இறங்குறது? நீதான் கம்பி மாதிரி இருக்கியே."

இறங்காதே என்று உள்ளே ஏதோ சொன்னது. ஆனால் அக்காவைப் பற்றி இந்தப் படகில் ஏதாவது மிச்சம் இருந்தால் அது இந்த மூடிக்குக் கீழேதான் இருக்கிறது என்றும் அதுவேதான் சொன்னது. கைவிளக்கின் பிளக்கைப் படகின் சாக்கெட்டில் சொருகிவிட்டு, போனை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினான். இடம் கிடைக்கும் வரை முழங்காலை மடக்கி, முதுகைப் பலகையில் ஒட்டினான். தலைக்கு மேல் மூடி இறங்கியது.

விளக்கு வெளிச்சத்தில் ஆறு பாட்டரிகள். போல்ட் இறுக்கமாக இருந்தது. வளையம் அதன் இடத்தில்.

"எவ்வளவு காட்டுது?"

"இருபத்தேழு."

பலகைக்கு வெளியே தண்ணீர், காதுக்குப் பக்கத்தில், நக்கிக்கொண்டே இருந்தது. உள்ளே காற்று கனத்தது.

"இப்ப?"

மூடியின் மேல் கால் வைத்த சத்தம். முதல் தடவையாக. கொண்டி விழுந்தது.

"மச்சான்?"

விளக்கு அணைந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"மச்சான், விளையாடாதீங்க. திறங்க!"

மூடியை முதுகால் முட்டினான். அசையவில்லை. மேலே நாற்காலி இழுபட்டது. பீப். பீப். பீப். மூன்று. கொதிக்க வைக்கும் நிலைக்குத்தான் மூன்று என்று அவனுக்குத் தெரியும்.

"சார்ஜர மட்டும் பாத்துட்டுப் போயிருக்கலாம்ல நீ." மச்சான் குரல் பலகை வழியாக நிதானமாக வந்தது. "உங்கக்கா விடியற வரைக்கும் அந்த வளையத்தப் பிடிச்சுட்டு இருந்தா. முப்பத்தாறு, முப்பத்தாறுன்னு. நான் இங்கயேதான் உக்காந்து பாத்துட்டு இருந்தேன்."

கம்பி கத்தினான். கரையில் யாரும் இல்லை. சார்ஜரின் விசிறி சுழலத் தொடங்கி, வேகம் பிடித்தது. இருட்டில் பாட்டரிகளுக்குள் ஏதோ கொப்பளித்தது. முட்டை நாற்றம் மூக்கில் ஏறியது, கண் எரிந்தது.

வளையம். அதற்குச் சூடு காட்ட வேண்டும். சூடு காட்டினால் குறையும்.

தடவினான். கடைசி பாட்டரி. முனை. போல்ட். இறுக்கமாகத்தான் இருந்தது. வளையம் இல்லை.

ஒயர் நுழையும் ஓட்டையைத் தேடிப்பிடித்து, அங்கிருந்து விரலை ஓட்டினான். டேப். அதைத் தாண்டி, ஒயர் கீழே தொங்கவில்லை. நேராகப் போனது. விறைப்பாக. யாரோ மறுமுனையை இழுத்துப் பிடித்திருப்பது போல.

நிறுத்த நினைத்தான். விரல் போய்க்கொண்டே இருந்தது.

ஒரு கையில் போய் முட்டியது.

மூடிய கை. ஈரம். சூடு. அவன் முழங்காலுக்கும் பாட்டரிக்கும் நடுவில், யாருமே உட்கார முடியாத அந்த இடத்திலிருந்து.

"முப்பத்தாறு," என்றார் மேலே மச்சான். நாற்காலி பின்னால் நகர்ந்தது. "டேய், அதுக்குள்ள எப்படிடா... நீயா பிடிச்சிருக்க?"

அந்தக் கை மெல்லத் திறந்தது. வளையத்தை அவன் உள்ளங்கையில் வைத்தது. அவன் விரல்களை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், அதன் மேல் மடக்கிவிட்டது. மடக்கிய பிடியின் மேல் தன் பிடியைப் போட்டு அழுத்திக்கொண்டது.

அப்புறம், அவன் கைமேல் இருந்தபடியே, ஆறத் தொடங்கியது.