தூன்செத் என்று எடுக்கும் குரல்

நாங்கள் ஹாமர் நகரத்து அடுக்குமாடி வீட்டுக்கு வந்தது ஓர் அக்டோபர் மாலை. சுவரெல்லாம் புது வண்ணப்பூச்சின் வாசனை. கதவில் பெயர்ப்பலகையை நானே அடித்தேன்: தூன்செத்.

எங்கள் பள்ளத்தாக்கில் பெயர் ஆளுக்குச் சொந்தமில்லை, பண்ணைக்குச் சொந்தம். தூன்செத் பண்ணை வீட்டில் யார் குடியிருக்கிறாரோ அவரே தூன்செத். தொலைபேசியை எடுத்தாலும் அந்தப் பெயரைத்தான் முதலில் சொல்வோம். இப்போது அந்த வீடு அணைநீருக்கு அடியில் இருக்கிறது. வெளியேறிய அன்று ஊரே அழுதது. நாங்கள் அழவில்லை. நிமிர்ந்து நடந்து வந்தோம்.

என் மனைவி கூட்ரூனுக்குத்தான் நகரம் ஒட்டவில்லை. குழாய்த் தண்ணீரைக் குடித்து முகம் சுளிப்பாள். பால் கறக்கும் நேரத்துக்கு எழுந்து சமையலறையில் சும்மா நிற்பாள். பிறகு தினமும், குளிர்காலப் பிற்பகல் இருட்டத் தொடங்கியதும், தொலைபேசியில் மெல்லப் பேச ஆரம்பித்தாள். சிரிக்கவும் செய்தாள்.

"யாருகிட்ட?" என்றேன்.

"வீட்டுக்கு."

"வீடு தண்ணிக்குள்ள கெடக்கு, கூட்ரூன். கம்பியெல்லாம் அறுத்தாச்சு."

"அவரு எடுக்கறாரே. உன்ன மாதிரியேதான் பேசறாரு, ஹல்வோர். உன்னளவுக்கு வெறப்பு கெடையாது."

ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்தேன்.

ஈரச் சேற்றின் வாடை. எங்கோ ஆழத்தில் குமிழிகள் உடைந்தன.

"தூன்செத்," என்றது என் குரல்.

மருத்துவரிடமோ பாதிரியாரிடமோ நான் வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டு விஷயம் ஊர் வாயில் விழக்கூடாது. தொலைபேசிக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். மறுநாளும் அவள் பேசினாள். கம்பி தரையில் கிடந்தது.

"அடுப்பு மூட்டியிருக்காராம். வரச் சொல்றாரு."

"நான் இங்க இருக்கேன்ல?"

முன்பின் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"நீதான் கெளம்பி வந்துட்டியே."

ஞாயிறன்று தேவாலயத்திலிருந்து திரும்பினேன். அவளுடைய கோட் கொக்கியில் இல்லை. அணை ஏரிக்கரையில் இறக்கிவிட்டதாகப் பேருந்து ஓட்டுநர் சொன்னார். தண்ணீர் உறையும்வரை படகில் தேடினார்கள். நான் கரையில் நிமிர்ந்து நின்றேன். வேறென்ன செய்ய முடியும்?

நேற்று, கம்பி பிடுங்கிக் கிடந்த அந்தத் தொலைபேசியில் எங்கள் பழைய எண்ணைச் சுழற்றினேன்.

"தூன்செத்."

கூட்ரூன்தான். குரல் தெளிவாக, இளமையாக இருந்தது.

"நான்தான்," என்றேன்.

"நான்தான்னா யாருங்க?"

வாயைத் திறந்தேன். என் பெயரை அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாள்.

அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. கனத்த பூட்ஸ் காலடிகள் நெருங்கி வந்தன.

"யாரு அது?" என்று கேட்டது என் குரல்.

"தெரியல," என்றாள் அவள். "பேரு சொல்லமாட்டேங்கறாரு."