உள்ளறை ஆத்தாளின் பெயர்

சென்னியப்பக் கவுண்டர் பொன்னாத்தாளின் பெயரை மூன்றாம் முறை சொல்லி முடித்ததும், மூடியிருந்த உள்ளறைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், எட்ட நின்று பேசுகிறவர்களின் பணிவோடு, "அவுங்க இங்க இல்லீங்க" என்றது.

வைகாசி மாதத்து உச்சிப்பொழுது. சங்ககிரிச் சாலையிலிருந்து நாலு மைல் உள்ளே தள்ளி, பனைகளையும் ஒரு பாறைக் கரட்டையும் தவிர வேறு நிழலே இல்லாத அந்தச் சமவெளியில், கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும் சத்தம்கூட நின்றுபோய், ஆளும் மாடும் வெயிலுக்கு ஒடுங்கிக் கிடக்கும் நேரம். கவுண்டருக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. களை வெட்ட வந்த எவளோ வேலைக்குத் தப்பி உள்ளே புகுந்து படுத்திருக்கிறாள். படுத்தது போதாதென்று, வீட்டுக்குப் பெரியவர் முன்னோரை அழைத்துப் பழகும்போது பதில் வேறு சொல்கிறாள்.

"எவ அவ? எந்திரிச்சு வெளிய வா."

யாரும் வரவில்லை. தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் தள்ளினார். சன்னல் இல்லாத அறை. நடுவில் சாணம் மெழுகிய மண்மேடு, அதன் முன்னால் திரி போடாத அகல். ஆள் இல்லை. வாடைதான் இருந்தது. வெகுநாள் மூடிக் கிடந்த தானியக் குழியைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, வெந்ததுபோலச் சூடாகவும், புளித்தும், தொண்டைக்குள் இறங்கும்போது கள்போல இனித்தும், விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினால் அந்த விளக்கையே அணைத்துவிடும் மூச்சு, அது. அந்த வீட்டில் தானியக் குழி இருந்ததாக அவர் கேள்விப்பட்டதே இல்லை.

எலி செத்திருக்கும் என்று முடிவு செய்தார். பெண்டுகளுக்குக் கூட்டத் தெரிந்தால்தானே.

அவர் வந்த நோக்கம் வேறு. அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் அர்த்தநாரிக் கவுண்டர். கும்பினியார் இந்தச் சீமையைத் திப்புவிடமிருந்து வாங்கிய காலத்தில், நூற்று நாற்பது வருசத்துக்கு முன், இந்த வீட்டைக் கட்டியவர். அவர் மனைவி பொன்னாத்தாள்தான் உள்ளறை ஆத்தா. சுமங்கலியாகப் போனவள். வருசத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு மூத்த ஆண்மகன் மேட்டின் முன் நின்று அவளைப் பெயர் சொல்லி மூன்று தரம் அழைப்பான். பிறகு மேட்டின் வலத்திலும் இடத்திலும் ஒவ்வோர் அரளிப்பூ ஒட்டி வைப்பார்கள். வலத்துப் பூ முதலில் விழுந்தால் ஆத்தா வந்துவிட்டாள் என்று பொருள். மற்றபடி வீட்டுக்கு வந்த எந்தப் பெண்ணின் பெயரும் குடும்ப ஏட்டில் கிடையாது. இன்ன கூட்டத்துப் பெண் என்று பிறந்த குலத்தை மட்டும் எழுதுவார்கள். அதுவே அதிகம் என்பது கவுண்டரின் எண்ணம்.

இந்த வருசம் வம்பு வந்திருந்தது. பங்காளி கந்தப்பன், அர்த்தநாரியின் தம்பி வழி வந்தவன், கிராப்பு வைத்துக்கொண்டு நிலக்கடலை மண்டிகளில் திரிகிறவன், ஊர்க் கோயிலில் முதல் பரிவட்டம் தனக்குத்தான் வரவேண்டும் என்று கிளம்பியிருந்தான். மூத்த வழி கட்டிய பெண்டாட்டியின் வழியே அல்ல, பண்ணையத்துப் பெண்ணின் வழி என்பது அவன் பேச்சு. பெரியவர்கள் கூடி, கோர்ட்டுக்குப் போகவேண்டாம், பூவையே கேட்போம் என்று தீர்த்தார்கள். எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை எல்லாப் பங்காளிகளும் பார்க்கப் பொன்னாத்தாளின் பெயரைச் சொல்லிக் கவுண்டர் அழைக்கவேண்டும். பூ வலத்தில் விழுந்தால் கந்தப்பன் வாயை மூடவேண்டும். இடத்தில் விழுந்தால் ஐந்து தலைமுறையாகத் தலையில் கட்டிய மரியாதை அன்றோடு போயிற்று.

கையோடு ஒரு காகிதமும் இருக்கட்டும் என்று, சூரமங்கலத்தில் மனு எழுதிப் பிழைக்கும் குழந்தைவேலைச் சேலத்துப் பழைய பதிவுகளில் தேடச் சொல்லியிருந்தார். அவன் மறுநாள் சாயங்காலம் வந்து சேர்ந்தான். ஒல்லியான ஆள், காதில் பென்சில். வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் தூணோரமாக நின்றான். கவுண்டர் உட்காரச் சொல்லவில்லை.

"படி."

"தனியாப் படிச்சுக்கிட்டா நல்லதுங்க சாமி."

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சயா? கண்ணாடி உடைஞ்சு கெடக்குது. படி."

குழந்தைவேல் கனைத்துக்கொண்டு படித்தான். கும்பினித் துரை ஒருவர் முன்னால் அர்த்தநாரி கொடுத்த வாக்குமூலம் அது.

"பொன்னாத்தாள் என் கலியாணக்காரி. கட்டிய வருசமே தாய்வீடு போய்ப் பிள்ளையில்லாமல் அங்கேயே இறந்துபோனாள். மகன்கள் இருவரும் என் பண்ணையத்தில் இருந்த பெருமாயி வயிற்றில் பிறந்தவர்கள். அவர்களைப் பொன்னாத்தாள் மக்களென்று எழுதச் சொன்னேன். பெருமாயி சம்மதியாமல், என் பேரைச் சொல் என்று வாசலில் நின்று கூவினாள். அவள் இப்போது எங்கே என்று துரையவர்கள் கேட்க, வீட்டுக்குள் தானியக் குழியில் இறங்கினாள், ஏறவில்லை என்றார் அர்த்தநாரி. மூடியது யார் என்று கேட்க, பேசாமல் நின்றார்."

பெருமாயி என்ற பெயரை அவன் இரண்டாம் தரம் படித்தபோது உள்ளறைப் பக்கமிருந்து, மூட்டை சரிந்து சோளம் கொட்டுவதுபோல, சரசரவென்று நீளமாக ஒரு சத்தம் வந்து நின்றது.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் எளுதலீங்க. அதோட உட்டுட்டாங்க."

கவுண்டர் காகிதத்தை வாங்கி, நெல் வேகும் அடுப்பில் போட்டார்.

"அது நகலுத்தானுங்க சாமி. அசலு சேலத்துல இருக்குது."

"அங்க கரையான் இருக்குதா?"

"ஏகத்துக்கும் இருக்குதுங்க."

"அப்ப அது பாத்துக்கும். நீ கெளம்பு."

அவன் வாசற்படி இறங்கியதும், கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருந்த மனைவி பாப்பாயி வெளியே வந்தாள்.

"ஏனுங்க, வெள்ளிக்கிழம அந்தப் புள்ள பேர ஒருக்காச் சொல்லிப்போட்டா என்னங்க கொறஞ்சா போகும்?"

"கொறையும்."

"நானும் இந்த ஊட்டுக்கு வந்து நாப்பத்தஞ்சு வருசம் ஆச்சுங்க. எம் பேருந்தான் ஏட்டுல இல்ல."

"உன்ற கூட்டத்துப் பேரு இருக்குதல்ல? போய் வேலையப் பாரு."

அவருக்குத் துக்கமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. களத்தில் தவிடு புடைத்தவளுக்குப் பெயர் ஒரு கேடா என்றுதான் தோன்றியது. சோறு போட்டாயிற்று, கும்பிட்டும் ஆயிற்று. நூற்று நாற்பது வருசமாகப் பட்டுப்புடவை வைத்துப் படைக்கிறோம், எந்தப் பண்ணையத்துக்காரிக்கு அது கிடைத்தது? யார் பெயரால் கிடைத்தால் என்ன? ஆனாலும், ஐந்து தலைமுறை அழைத்தது ஒருத்தியை, வந்து உட்கார்ந்து வாங்கிக்கொண்டது இன்னொருத்தி என்ற எண்ணம், பல்லிடுக்கில் மாட்டிய உமியைப்போல, நாக்கு போகும் இடமெல்லாம் இருந்தது.

அவர் பழகுவதை நிறுத்தவில்லை. குரலுக்குப் பயந்து நிறுத்தினார் என்று தனக்குத்தானே ஒத்துக்கொள்ள அவர் தயாராக இல்லை. ஒவ்வோர் உச்சிப்பொழுதும் கதவருகே நின்று "பொன்னாத்தா" என்று அழைத்தார். ஒவ்வொரு நாளும் அதே பதில், அதே பணிவு. முதல் நாள் தரைக்கடியிலிருந்து கேட்டது. மூன்றாம் நாள் மேட்டின் உயரத்திலிருந்து. ஐந்தாம் நாள் கதவுக்கு அந்தப்பக்கம், தாழ்ப்பாளின் உயரத்தில், மரத்தில் உதடு பட்டுக்கொண்டு பேசுவதுபோல.

"அவுங்க இல்லீங்க. நானிருக்கேனுங்க."

"உன்னை யாரு கேட்டா?" என்றார் கவுண்டர். வாசலில் நின்று கூலி வாங்குகிற வேலைக்காரியிடம் பேசும் அதே குரலில்.

அந்தப்பக்கமிருந்து மூச்சு மட்டும் வந்தது. கதவிடுக்கு வழியாக அவர் முழங்கையில் பட்டது. சூடாக.

அன்றிலிருந்து சோற்றில் அந்த வாடை. மேல்துண்டில். மோரில். விடிந்ததும் வாய் கொப்பளித்தால் உமி வந்தது. பாப்பாயி செம்பை நீட்டியபடி அதைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை. இருபத்தொரு பங்காளிகள் ஆசாரம் நிறைய உட்கார்ந்தார்கள். கந்தப்பன் முன்வரிசையில், கைக்கடிகாரம் தெரியச் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான்.

"அண்ணா, சத்தமாக் கூப்புடுங்க. ஆத்தாளுக்கு வயசாச்சல்ல, காது கேக்கோணும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். கவுண்டர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளறைக் கதவை அகலத் திறந்து வைத்து, மேட்டின் முன் நின்று, முதுகை நிமிர்த்தினார்.

"பொன்னாத்தா."

இல்லீங்க, என்றது காலடியில். வேறு யாருக்கும் கேட்கவில்லை. ஒருவன் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

"பொன்னாத்தா."

இல்லீங்க சாமி. வேண்டாமுங்க.

இது கெஞ்சல். கெஞ்சுகிறவர்களைக் கவுண்டர் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார். கெஞ்சல் அவர் மனசை உறுதியாக்குமே தவிர இளக்காது. முன்னைவிட உரக்க, ஓடு அதிர, மூன்றாம் தரம் சொன்னார்.

"பொன்னாத்தா!"

ஒன்றும் இல்லை.

பூக்களை ஒட்டினார்கள். வெற்றிலை மென்றவனும் வாயை நிறுத்தினான். ஈ ஒன்று மேட்டைச் சுற்றியது. வலத்துப் பூவின் காம்பு நழுவியது, மெல்லச் சாய்ந்தது, விழுந்தது.

ஆசாரம் மூச்சுவிட்டது. கந்தப்பன் எழுந்து வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. முன்பே பேசி வைத்தபடி தட்டிலிருந்த பரிவட்டத்தைத் தன் கையால் எடுத்துக் கவுண்டரின் தலையில் கட்டி, காலில் விழுந்தான். கிராப்புத் தலை புழுதியில் படுவதைக் கவுண்டர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எழுந்திரு என்று சொல்ல அவருக்கு அவசரமில்லை. தொண்டை மட்டும் வறண்டிருந்தது. சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, பாப்பாயி, தண்ணி கொண்டா என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"பெருமாயி."

எல்லாருக்கும் கேட்டது. கந்தப்பன் தரையில் கிடந்தபடியே தலையைத் தூக்கினான்.

மேட்டுக்கடியில், பூமி தாங்காத ஆழத்தில், ஒரு பெண் சந்தோசமாக, "வாரேனுங்க" என்றாள்.

அதுவும் எல்லாருக்கும் கேட்டது.

இல்லை, நான் கூப்பிடவில்லை என்று சொல்லவந்தார்.

"பெருமாயி."

வாரேனுங்க. கிட்டத்தில். சோளம் சரியும் சத்தம். கைவைத்து, கால்வைத்து, சரிந்து, மறுபடி கைவைத்து.

கதவைச் சாத்துங்கடா என்று கத்தப்பார்த்தார்.

"பெருமாயி."

மேட்டின் மெழுகு பிளந்தது. வாடை வந்தது. அகல் தானாகப் புரண்டது. பங்காளிகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வாசலுக்கு ஓடினார்கள். செருப்புகள் கிடந்தன. கந்தப்பன் தவழ்ந்தே போனான். ஓடுகிற நாய்கள். அதைக்கூடச் சொல்ல முடியவில்லை. சொன்னால் அந்தப் பெயர்தான் வரும். வந்தால் அவள் ஒரு பிடி மேலே ஏறுவாள்.

அவர் வாயை இறுக மூடினார். நாக்கு உள்ளே புரண்டது. பல்லைத் தள்ளியது. தலையிலிருந்த பரிவட்டத்தைப் பிடுங்கிச் சுருட்டி வாய்க்குள் திணித்தார். அடிநாக்கு வரை. மூச்சு முட்ட.

அமைதி.

முதுகுக்குப் பின்னால் சரசரப்பு நின்றிருந்தது. திரும்பவில்லை. திரும்பமாட்டார்.

பாப்பாயி தண்ணீர்ச் செம்போடு சமையற்கட்டிலிருந்து வந்தாள். வந்தவள் நின்றாள். அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வீட்டுக்கு மூத்தவள் வரும்போது மருமகள் ஒதுங்குவதுபோல, சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள்.

அவர் கழுத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. நகமெல்லாம் உமி. அவசரமில்லாமல், குழந்தையின் வாயிலிருந்து மண்ணை எடுப்பதுபோல, அது அவர் வாயிலிருந்து துணியை உருவத் தொடங்கியது.