மாடியறை டியூட்டி

ஓய்வெடுக்கத்தான் போனோம். ஒரே வார்டில் நர்ஸ் வேலை பார்த்து ஒரே மாதிரி முதுகு தேய்ந்த மூன்று பேர், லீவுக்குக் கெஞ்சிக் கூத்தாடி, கடல் தாண்டி ஒரு மலையடிவார ஊரில் போய் இறங்கினோம். வார்டுக்கே மூத்தவள் என்பதால் நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவள், நான், எங்களில் சின்னவளான பொடிசு. பெட்டியை இழுத்துக்கொண்டு மேடு ஏறும்போதே எனக்கு ஊர் சுற்றும் ஆசை விட்டுப்போயிற்று. ஒரு கட்டில் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

நாங்கள் தங்க அறை எடுத்திருந்த வீட்டின் சொந்தக்காரர் வாசலிலேயே காத்திருந்தார். வயதானவர், எங்களைவிடக் களைத்த முகம். பெட்டிகளை வாங்கி வைத்தார், கால் கழுவ வெந்நீர் கொடுத்தார், சூடாக சூப் கொடுத்தார். மாமியார் வீட்டில்கூட இப்படி உபசாரம் பார்த்ததில்லை என்று அக்கா சிரித்தாள். அவருக்கும் எங்களுக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம். நம் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன்.

"மாடியில என் மனைவி படுத்த படுக்கையா இருக்கா. சத்தம் கேட்டா பயப்படாதீங்க."

வீடு முழுக்க ஸ்பிரிட் நெடியும் பூட்டிய அறையின் புழுக்கமும் கலந்து கிடந்தன. எங்களுக்கு அது பழகிய வாசனை. யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை.

இருட்டத் தொடங்கியபோது அந்தச் சத்தம் வந்தது. சளி அடைத்த நெஞ்சு மூச்சுக்குப் போராடும் சத்தம். ஒரு இழுப்பு. நிசப்தம். மறுபடி இழுப்பு.

வேறு யாராவது என்றால் போர்வையை இழுத்து மூடியிருப்பார்கள். அக்கா கொண்டையை முடிந்துகொண்டு மாடியேறிவிட்டாள். நானும் பின்னாலேயே போனேன். அறையில் விளக்கில்லை. கட்டிலோரம் நாற்காலியில் வீட்டுக்காரர், போர்வைக்குள் கையை விட்டபடி தூங்கி விழுந்துகொண்டிருந்தார். அக்கா அவர் தோளைத் தொட்டாள்.

"நீங்க போய்ப் படுங்க. இனிமே நான் பாத்துக்கறேன்."

"நிஜமாவா? நீங்க எடுத்துக்கறீங்களா?"

"எங்க வேலையே அதுதானே."

அவர் தேம்பித் தேம்பி அழுதார். அக்காவின் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். நானும் கீழே போய் அடித்துப்போட்டது போல் தூங்கினேன்.

காலையில் அவர் இல்லை. வாசல் கதவு திறந்து கிடந்தது. வேலிக்கு அப்பால் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மாவிடம் கேட்டோம்.

"பெட்டியோட போனாரு. சிரிச்சுக்கிட்டே கையாட்டினாரு. மனைவியைப் பொதைச்ச நாள்லேருந்து அந்த மனுஷன் வாசல் தாண்டி நான் பார்த்ததே இல்ல."

மாடிக்கு ஓடினோம்.

கட்டிலில் யாரும் இல்லை.

ஆனால் மெத்தை குழிந்திருந்தது. போர்வை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நாற்காலியில் அக்கா. ஒரே ராத்திரியில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "ஷ்... இப்பதான் கண்ணசந்தாங்க."

"அக்கா, அங்க யாருமே இல்ல. எந்திரி, போயிடலாம்," பொடிசு கிசுகிசுத்தாள்.

"தெரியும். அடுத்த ஆள் வராம எப்படிடி எந்திரிப்பேன்?"

மற்றவர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். நேரம் முடிந்துவிட்டதென்று நாங்கள் எழுந்து போய்விட முடியாது. அடுத்தவள் வந்து, நோயாளியைப் பார்த்து, வாய் திறந்து பொறுப்பேற்க வேண்டும். அதுவரை தலையே போனாலும் நகரக் கூடாது. அது எங்கள் ரத்தத்தில் ஊறிப்போனது. ஆனாலும் அக்காவை வலுக்கட்டாயமாகத் தூக்கினோம். அவள் விரல்கள் போர்வையை விட்டு வெளியே வந்ததும் கட்டிலில் இழுப்பு தொடங்கியது. அக்காவின் உதடும் நீலம் பாரித்தது. பதறிப்போய் மறுபடி உட்கார வைத்தோம். இரண்டு மூச்சும் சேர்ந்தே சீரானது.

அப்போதுதான் அக்காவின் போன் அடித்தது. நிறைமாச மகள். நாங்கள் ஊர் திரும்பிய பிறகுதான் பிரசவம் என்று டாக்டர் நாள் சொல்லியிருந்தார். வயிற்றுப் பிள்ளைக்கு அது தெரியவில்லை.

"அம்மா, வலி வந்துடுச்சும்மா. பயமா இருக்கு. கெளம்பிட்டியா?"

அக்காவுக்கு ஒரு கையில் போன், மறு கை போர்வைக்குள். அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. எந்த வீட்டிலும் யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை.

"சொல்லுக்கா. நான் எடுத்துக்கறேன்."

"வேணாம்டி."

"சொல்லு."

வார்டில் டியூட்டி மாற்றிவிடும்போது சொல்வது போலவே சொன்னாள். "இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வை. முதுகுல புண்ணு வராம பாத்துக்க. இருட்டினா பயப்படுவாங்க, கையை விட்டுடாத." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வைக்குள் கையை விட்டேன். ஜில்லென்று ஒரு உள்ளங்கை வந்து பொருந்திக்கொண்டது.

"யாரையாவது கூட்டிட்டு வரேன், சத்தியமா வரேன்," என்று அழுதுகொண்டே பொடிசு அக்காவைப் படியில் இறக்கிப் போனாள்.

அக்கா ஆஸ்பத்திரி வாசலில் இறங்கவும் குழந்தை பிறக்கவும் சரியாக இருந்ததாம். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். சந்தோஷம் தாங்காமல் கட்டிலைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னேன். அந்த ஊர்க்காரிக்கு நம் பேச்சு எங்கே புரியப்போகிறது?

பொடிசிடமிருந்து இப்போது போன் வருவது குறைந்துவிட்டது. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். யாரிடம் போய் என்னவென்று கேட்பாள்? நான் உட்கார்ந்தே இருக்கிறேன். இடுப்பு விட்டுப்போகிறது. இத்தனை வருஷ வேலையில் யாரும் என் களைப்பைக் கேட்டதாக நினைவில்லை.

இன்று இருட்டும் நேரத்தில் இழுப்புச் சத்தம் நின்றது.

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. சுத்தமாக, நம் பேச்சில்.

"எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்தே இருப்பே? நீயும் வாம்மா."

மெத்தை கிறீச்சிட்டது. அந்தக் குழிவு சுவரோரமாக நகர்ந்தது. போர்வையின் இந்தப் பக்கத்து ஓரம் மெல்ல உயர்ந்து, எனக்காகத் திறந்தபடி நிற்கிறது.

உள்ளே கதகதப்பாக இருக்கிறது.