அனுபவக் குறிப்பேடு

தையல்காரர் ஒரு கோட்டின் காலரைப் பிரித்துக்கொண்டிருந்தார். துப்பாக்கிச் சங்கத் தலைவருடைய மாப்பிள்ளையின் கோட்டு அது. நேற்று அளவு பார்க்க வந்தபோது வலது கையைக் கோட்டுக் கைக்குள் நுழைப்பதற்குள் அந்த மனிதர் மூன்று முறை முகம் சுளித்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதையில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. கார் கதவில் மாட்டிக்கொண்டதாம். தையல்காரர் "அடடா" என்று சொல்லிவிட்டு அந்தக் கையைத் தொடாமல் அளவெடுத்து அனுப்பினார்.

அப்போதுதான் மருந்துக் கடைச் சீருடையோடு ஒரு பெண் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். துப்பாக்கிச் சங்கத்து மெக்கானிக்கின் மனைவி.

"சர்வே அம்மா இருக்காங்களா?"

சர்வே அம்மா என்பது தையல்காரரின் அக்கா. தீ விபத்துக் காப்பீட்டில் சர்வேயராக முப்பது வருடம் சாம்பலைக் கிளறியவர். எரிந்த கிடங்குக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "முதல்ல சரக்கை வெளியே ஏத்திட்டு, அப்புறம் கொளுத்தியிருக்கீங்க" என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்வார். ஓய்வு பெற்ற பிறகு தம்பி கடையின் பின்பக்கம் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார். ஐம்பது வயதுத் தம்பிக்கோ, அக்காவிடம் எப்போது வழக்கு வரும் என்று கை அரிக்கும். இப்போதும் ஊசியைப் போட்டுவிட்டு அவர்தான் முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் ஒரு நகலை நீட்டினாள். சங்கத் தலைவர் போலீசுக்கு எழுதிக் கொடுத்த வாக்குமூலம்.

"திங்கள்கிழமை மாலை, பழுது பார்க்கப்பட்டு அன்றுதான் திரும்பி வந்த எனது துப்பாக்கியின் தோட்டாப் பெட்டியான மேகசினைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். துப்பாக்கி காலி என்ற நம்பிக்கையில், முறைப்படி தரையை நோக்கி விசையை இழுத்தேன். மெக்கானிக் உள்ளே விட்டுவைத்திருந்த ஒரு தோட்டா வெடித்து, டீ கொண்டுவந்த ஊழியரின் காலில் பாய்ந்தது." கீழே தலைவர் கையெழுத்து. சாட்சிகள் இருவர்: மாப்பிள்ளை, பல் டாக்டர்.

"டீ கொண்டு வந்தவர் என்ன சொல்றாரு?"

"அவரு முதுகைக் காட்டிக்கிட்டு டீ ஊத்திட்டு இருந்தாராம்மா. சத்தம் கேட்டுச்சு, விழுந்துட்டேங்கறாரு. எலும்பு தப்பிச்சது." அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "எங்க வீட்டுக்காரரு குக்கரைத் திறக்கறதுக்கே மூணு தடவை பாக்கிற ஆளு. அவரைப் போயி லாக்கப்ல வெச்சிருக்காங்க. இன்னிக்கு நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் சங்கத்துக்கு வராரு. கமிட்டி அறிக்கையைக் கொடுத்துட்டா நேரா கோர்ட்டுதான். லைசென்ஸும் போயிடும். இந்த வேலையை விட்டா அவருக்கு வேற ஒண்ணும் தெரியாதும்மா."

"யாரோ வேணும்னே தோட்டாவை மாத்தி வெச்சிருக்கணும் அக்கா," என்றார் தையல்காரர் கண்கள் பளபளக்க. "பழைய பகை."

"காலர் ஊசியைக் கீழே போட்டுட்டு வந்துட்ட. போய் எடுத்து வை, யார் கால்லயாவது குத்தப் போகுது," என்றார் அக்கா. பிறகு வாக்குமூலத்தை இன்னொரு முறை படித்தார். "முறைப்படியாம். கிளம்புங்க, போய் அந்த முறையைப் பாத்துட்டு வருவோம்."

மூன்று மணிக்கெல்லாம் மூவரும் சங்கத்தில் இருந்தார்கள். சிவப்புக் கம்பளம், கண்ணாடி அலமாரி, அதற்குள் வெல்வெட் மெத்தையில் படுத்திருக்கும் வெளிநாட்டுத் துப்பாக்கிகள். பெற்ற பிள்ளையைக்கூட இப்படி யாரும் படுக்க வைத்திருக்க மாட்டார்கள். எல்லாம் அரைத் தானியங்கி ரகம். பாதி வேலையைத் துப்பாக்கி தானே செய்துவிடும். மீதிப் பாதியை மெக்கானிக் செய்துவிடுவார். சொந்தக்காரருக்கு மிச்சம் இருப்பது பேச்சு மட்டும்தான், அதில் ஒரு குறையும் வைப்பதில்லை.

ஓட்டுச் சூளை முதலாளியான தலைவர் தொந்தியைத் தடவிக்கொண்டு வந்தார். மெக்கானிக்கின் மனைவியை அவர் கண்கள் பார்க்கவே இல்லை.

"பாவம்தான், என்ன பண்றது? இந்த ஆளுங்களுக்கு வெளிநாட்டுச் சாமானோட அருமை தெரியாது. நான் ஆயிரம் ரவுண்டு சுட்டவன்மா. துப்பாக்கி என் கையோட ஆறாவது விரல் மாதிரி."

"டீக்காரர் எப்படி இருக்காரு?" என்று கேட்டார் அக்கா.

"டீ போட வேற ஆள் பாத்தாச்சு," என்றார் தலைவர்.

தையல்காரருக்குக் காது மடல் சூடானது. வருகிற வழியெல்லாம் அந்தத் துப்பாக்கிகளை ஒருமுறை கையில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டு வந்தவர் அவர். அந்த ஆசை அங்கேயே செத்துப்போயிற்று.

மூலையில் ஒரு மேசை. அதன்மேல் தோல் அட்டை போட்ட தடித்த நோட்டு. 'உரிமையாளர் அனுபவங்கள்' என்று பொன்னெழுத்து. வெளிநாட்டுத் துப்பாக்கி வாங்கிய ஒவ்வொருவரும் தம் அனுபவத்தை அதில் பதிய வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அக்கா பக்கங்களைப் புரட்டினார். "கையில் எடுத்ததும் ஆளே மாறிவிடுகிறோம்," என்று பல் டாக்டர் பரவசப்பட்டிருந்தார். தையல்காரர் எட்டிப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

தலைவரின் பக்கம் வந்தது. அதில் பரவசம் எதுவும் இல்லை. "மேகசின் இல்லாத நிலையில் இந்த மாடல் சுடாது, விசையை இழுத்தாலும் அசையாது. சுத்தம் செய்யப் பிரிக்கும்போது காலி மேகசினைச் செருகித்தான் விசையை இழுக்க வேண்டும். கையை ரொம்ப மேலே ஏற்றிப் பிடித்துச் சுட்டால், துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடு பின்னால் வந்து கட்டைவிரல் இடுக்கில் இரண்டு கோடாகக் கிழிக்கும். பழகாதவர் கையில் கொடுக்கக் கூடாது."

அக்கா அதை இரண்டு முறை படித்தார். பிறகு நோட்டை மெக்கானிக்கின் மனைவி பக்கம் திருப்பினார். "எல்லாப் பக்கமும் ஒரே கையெழுத்தா இருக்கே. யாரோடதும்மா இது?"

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்க வீட்டுக்காரரோடது."

"நாங்கல்லாம் பிஸியானவங்க," என்றார் தலைவரோடு வந்திருந்த பல் டாக்டர் அவசரமாக. "வாயால சொல்லுவோம், அவன் எழுதுவான்."

"துப்பாக்கி எப்படி வேலை செய்யும்ங்கறதையும் நீங்கதான் சொன்னீங்களா?"

"அந்த மாதிரி சில்லறை விஷயமெல்லாம் அவனே எழுதிக்குவான்."

அக்கா தலையாட்டிவிட்டுத் தம்பியைச் சன்னல் பக்கம் அழைத்துப் போனார். "இந்த ஊர்ல யாருக்காவது கையில இந்த இடத்துல காயம் பாத்தியாடா?" என்று தன் கட்டைவிரல் இடுக்கைக் காட்டினார். தையல்காரர் வாயைப் பிளந்தார். பிளாஸ்டர் கதையை அவர் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் போலீஸ் ஜீப் நின்றது.

நான்கு மணிக்குத் தலைவர், மாப்பிள்ளை, பல் டாக்டர் மூவரும் நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் வலது கை மேசைக்கு அடியிலேயே இருந்தது. இன்ஸ்பெக்டர் முத்திரையிட்ட பையிலிருந்து துப்பாக்கியையும் மேகசினையும் எடுத்து வைத்தார். திங்கள்கிழமையிலிருந்து அவை ஸ்டேஷனை விட்டு வெளியே போகவில்லை.

"இன்ஸ்பெக்டர் சார், ஒரு சின்ன உதவி," என்றார் அக்கா. "தோட்டா எதுவும் இல்லைன்னு பாத்துட்டு, மேகசின் இல்லாம விசையை இழுங்க."

இன்ஸ்பெக்டர் ஸ்லைடை இழுத்து உள்ளே பார்த்தார், மூடினார், சுவரை நோக்கி விசையை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை இழுத்தார். செத்த பாம்பு மாதிரிக் கிடந்தது.

"இப்ப காலி மேகசினைப் போட்டு இழுங்க."

'டிக்' என்றது.

"மேகசினைக் கழட்டினா இந்தத் துப்பாக்கி சுடாது. செஞ்சவனே அப்படித்தான் செஞ்சு அனுப்பியிருக்கான். ஆனா கழட்டி மேசைமேல வெச்சதுக்கு அப்புறம் சுட்டுதுன்னு மூணு பேரு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"என்னுது சுடுமே," என்றார் பல் டாக்டர். "மேகசின் இல்லாமலும் சுடும். அதனாலதானே நான்…" தலைவர் திரும்பிப் பார்த்த பார்வையில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"அதனாலதானே நீங்க இவருக்கு இந்த வாக்குமூலத்தை அப்படி எழுதிக் கொடுத்தீங்க. சொல்லிடுங்க டாக்டர், சங்கடப்படாதீங்க." அக்காவின் குரலில் கோபம் இல்லை. குப்பையை ஓரமாகக் கூட்டித் தள்ளுகிற குரல் அது. "உங்க துப்பாக்கி மாதிரியே ஊர்ல இருக்கிற எல்லாத் துப்பாக்கியும்னு நினைச்சீங்க. தலைவரும் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டாரு. அவருக்கு உறைக்கல. ஆயிரம் ரவுண்டு சுட்டவரு. துப்பாக்கியைப் பிரிச்சுப் பாத்த மெக்கானிக்குக்குத் தெரிஞ்சது, அரை மணி நேரம் முன்னாடி படிச்ச எனக்கே தெரிஞ்சது, சொந்தக்காரருக்குத் தெரியல."

"மேகசின் உள்ளதான் இருந்திருக்கும், ஞாபகப் பிசகு," என்றார் தலைவர். முகம் சிவந்திருந்தது. "சுட்டது நான்தான்னு ஒத்துக்கிறேனே, அப்புறம் என்ன?"

"நீங்க சுடல. மாப்பிள்ளை, கையை மேல எடுங்க."

மாப்பிள்ளை அசையவில்லை. "கார் கதவு," என்றார் மெதுவாக.

"எங்கிட்டயும் அதைத்தான் சொன்னாரு," என்றார் தையல்காரர். இத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததே அவருக்குப் பெரிய சாதனை.

இன்ஸ்பெக்டர் எழுந்து போய்ப் பிளாஸ்டரைப் பிரித்தார். கட்டைவிரல் இடுக்கில், கோடு போட்ட நோட்டில் போல, இரண்டு நேர்க்கோடுகள் பக்கத்துப் பக்கத்தில் கிழிந்திருந்தன.

அக்கா நோட்டிலிருந்து அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். "பழகாதவர் கையில் கொடுக்கக் கூடாதுன்னு கடைசியில இருக்கு. இந்த நோட்டுல பக்கமே இல்லாத, லைசென்ஸும் இல்லாத மாப்பிள்ளைக்கு, தோட்டா போட்ட துப்பாக்கியைக் கொடுத்துப் பெருமை காட்டினீங்க. அவரு அழுத்தினாரு, ஒரு மனுஷன் கால்ல பாஞ்சது. உண்மையைச் சொன்னா ரெண்டு பேரும் உள்ள போகணும். மெக்கானிக் பேரைச் சொன்னா யாரும் போக வேண்டாம், அவனைத் தவிர. அதுக்கு மூணு பேரும் சேர்ந்து ஒரு பொய் சொன்னீங்க, அதையாவது உருப்படியா சொல்லத் தெரிஞ்சுதா?"

"மாமாதான் சுட்டுப் பாருன்னு…" என்று ஆரம்பித்தார் மாப்பிள்ளை.

"சும்மா பிடிச்சுப் பாருங்கன்னுதான் சொன்னேன்," என்றார் தலைவர். "விசையில விரலை வைக்கச் சொன்னேனா?"

இன்ஸ்பெக்டருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. மெக்கானிக்கை விடச் சொல்லி ஸ்டேஷனுக்குப் போன் செய்துவிட்டு, மாமனாரையும் மாப்பிள்ளையையும் ஜீப்பில் ஏறச் சொன்னார். தையல்காரர் வாசல் வரை கூடவே போனார்.

"கோட்டு நாளைக்கு ரெடியாயிடும் சார்," என்றார் மாப்பிள்ளையிடம் பணிவாக. "கோர்ட்டுக்குப் போட்டுட்டுப் போகலாம்."

திரும்பி வந்தபோது பல் டாக்டர் மெக்கானிக்கின் மனைவியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். முதல் முறையாக அவளை நேருக்கு நேர் பார்த்து, முதல் முறையாக 'நீங்க' போட்டுப் பேசினார்.

"நடந்தது நடந்துபோச்சும்மா. வீட்டுக்காரரை நாளைக்கு வரச் சொல்லுங்க. நேத்து என் துப்பாக்கியைக் கழட்டிட்டேன். திருப்பி மாட்ட இங்க யாருக்கும் தெரியல."

அவள் மேசையிலிருந்த தோல் அட்டை நோட்டை எடுத்து, எழுதாத பக்கம் ஒன்றைத் திறந்து அவர் கையில் வைத்தாள். பேனாவையும் மூடி கழற்றிக் கொடுத்தாள்.

"அந்த அனுபவத்தை நீங்களே எழுதிக்குங்க டாக்டர்," என்றாள். பிறகு புருஷனை அழைத்து வரக் கிளம்பிப் போனாள்.