பலம் ஊறும் வாரம்

அவன் உட்கார்ந்தே இருந்தான்.

வெளியே மழை. அருள்புரத்தில் பனியன் கம்பெனி விட்டுக் கிளம்பிய கூட்டம் ஜிம்மின் கூரை ஓரமாக ஒதுங்கி நின்றது. உள்ளே எடை தூக்கும் கம்பிகளில் வளையாதது ஒன்றுதான். அதன் முன்னால் அந்தப் புதியவன், முழங்காலில் கை ஊன்றி, சுவரைப் பார்த்துக்கொண்டு...

வேல்விழி பெல்ட்டைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு காத்திருக்கவில்லை.

"ஏங்க... கம்பியத் தூக்க வந்தீங்களா, காவல் காக்க வந்தீங்களா?"

அவன் நிமிர்ந்தான். மழையில் நனைந்த இமைகள். அவசரமே இல்லாத கண்கள்.

"ரெஸ்ட்டுங்க."

"ஆறு நிமிசமாவா?"

"அஞ்சே முக்காலுங்க." கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "நீங்களும் எண்ணிட்டு இருந்தீங்களாட்ட இருக்குது?"

அவளுக்கு முகம் சுட்டது. எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

அவன் எழுந்து தொண்ணூறு கிலோவைத் தூக்கி வைத்துவிட்டு ஒதுங்கினான். அவள் அதற்கு மேல் முப்பது கிலோ சேர்த்தாள். அவன் பார்ப்பது தெரிந்தது. குனிந்தாள், பிடித்தாள், இழுத்தாள்.

கம்பி தரையிலிருந்து ஒரு சாண் எழுந்து நின்றது. பிறகு விழுந்தது.

போன மாதம் மேலே வந்த எடை.

"தெனமும் வர்றீங்களாங்க?" என்றான்.

"ஞாயித்துக்கெழமையும் வருவேன். அதுக்கென்ன?"

"கை நடுங்குதுங்க. ஒரு வாரம் கம்பியத் தொடாம இருந்து பாருங்க. கெணத்துல எறச்சுட்டே இருந்தா எப்பங்க ஊறும்?"

கோபம் வந்தால் அவள் பேச்சில் சொந்த ஊர் விளாத்திகுளம் வந்துவிடும்.

"என்னய விட முப்பது கிலோ கம்மியாத் தூக்குதவரு எனக்குப் பாடம் நடத்துதீயளோ?"

"இல்லீங்க. பாத்ததச் சொன்னனுங்க."

கேலி இல்லாமல் சொன்னான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அவன் பெயர் அருள்செல்வன் என்று ஜிம் மாஸ்டர் கந்தப்பன் சொன்னார். பக்கத்து பனியன் யூனிட்டில் தையல் மெஷின் மெக்கானிக். மூன்று நாளைக்கு ஒருமுறைதான் எடை தூக்குவான். மற்ற நாட்களிலும் வருவான். கை கால்களை நீட்டி மடக்குவான். அவள் தூக்குவதைப் பார்ப்பான்... பார்க்காதது போல.

மாவட்ட வலுதூக்கும் போட்டிக்கு ஐந்து வாரம் இருந்தது. அவள் எடைப் பிரிவில் முதலாவதாக வருபவள் மாநிலப் போட்டிக்குப் போவாள். வீட்டில் அம்மா பாண்டியம்மாள் தீர்மானமாகச் சொல்லியிருந்தாள்: "இந்தத் தடவ மொதலா வரலன்னா கம்பிய விட்டுரணும். ஒரு பேச்சுதான்." வேல்விழியும் சரி என்றிருந்தாள்.

அதனால் இன்னும் அதிகமாகத் தூக்கினாள். நூற்றிருபது வரவில்லை. மறு வாரம் நூற்றுப்பதினைந்தும் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை நூற்றுப்பத்தே முழங்காலில் நின்றது. அவன் எழுந்து வந்தான். தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் தள்ளி வைத்தான்.

"சொல்லிருங்களேன்," என்றாள்.

"என்னங்க?"

"அதான்... நான் அப்பவே சொன்னேன்னு."

"நீங்க திட்டுவீங்க."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு திட்டினாள்.

திங்கட்கிழமை, கம்பெனியில் அவளுடைய செக்கிங் மேசைக்கு இரண்டாயிரம் டீ-சர்ட்டுகள் வந்தன. சலவை முடிந்து வந்தவை. டேப்பை வைத்தாள். நீளம் அரை அங்குலம் குறைவு. அடுத்ததும் குறைவு. அதற்கடுத்ததும்.

எதிர் மேசையில் அளந்துகொண்டிருந்த மாரக்காள் டேப்பைக் கீழே போட்டாள்.

"துணி வந்த அன்னிக்கே வெட்டிப்போட்டாங்க, கண்ணு. அவசர ஆர்டராமா."

வேல்விழிக்குத் தெரியும். பின்னலாடைத் துணி இழுபட்ட நிலையில்தான் வரும். உருளையைப் பிரித்து ஒரு நாள் சும்மா போட வேண்டும். அது தானாகச் சுருங்கித் தன் அளவுக்கு வரும். அதற்குப் பிறகுதான் கத்திரி. இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. அவசரத்தில் எல்லோரும் மறப்பது.

"ஒரு நா கெடக்க உட்டிருந்தாப் போதும்," என்றாள் மாரக்காள். "ஆருக்குப் பொறுமை?"

வேல்விழி தன் கைகளைப் பார்த்தாள். டேப் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

மாலை ஜிம்முக்குப் போனாள். பெல்ட்டை எடுக்கவில்லை. நேராக அவனிடம் போனாள்.

"ஒரு வாரம் வர மாட்டேன்."

"சரிங்க."

"நீங்க சொன்னதுக்காக இல்ல."

"இல்லீங்க."

"துணி சொல்லுச்சு."

அவனுக்குப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

முதல் நாள் தூங்கினாள். இரண்டாம் நாள் இரண்டு மடங்கு சாப்பிட்டாள். மூன்றாம் நாள் இடுப்பு வலி போனது. நான்காம் நாள் மழை பெய்தது... அவனுடைய போன் நம்பர் தன்னிடம் இல்லை என்பது அன்றுதான் உறைத்தது.

"என்னட்டி, மழையவே பாத்துக்கிட்டு நிக்க?" என்றாள் அம்மா. "கம்பி நெனப்பா?"

"ஆமாம்மா."

பாதி பொய். ஐந்தாம் நாள் கம்பெனி விட்டதும் அவனுடைய யூனிட் இருக்கும் தெரு வழியாக நடந்தாள். அது சுற்று வழி. வாசலில் யாரும் இல்லை. ஆறாம் நாளும் நடந்தாள். ஏழாம் நாள் தன்மீதே எரிச்சலாகி வீட்டிலேயே இருந்தாள்.

உடம்பு தேறியது. மற்றது தேறவில்லை.

எட்டாம் நாள் நூற்றுப்பதினைந்து எளிதாக வந்தது. அவன் ஓரமாக நின்று பார்த்தான். அவன் கண்கள் ஒரு கணம் மின்னி அடங்கின. நல்லதுங்க என்றான். அவளும் தேங்க்ஸ் என்றாள். அவ்வளவுதான். பாடம் நடத்துகிறீர்களா என்று கேட்ட வாயால் வேறென்ன பேசுவது?

போட்டி பல்லடத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பெல்ட்டை இறுக்கிவிட ஆள் வேண்டும் என்று மாஸ்டர் அருள்செல்வனையும் அழைத்து வந்திருந்தார். தரையிலிருந்து கம்பியை இழுக்கும் கடைசிச் சுற்றில் ஆளுக்கு மூன்று வாய்ப்பு. முதல் வாய்ப்பில் நூற்றுப்பத்து வந்தது. முதலிடத்துக்கு நூற்றிருபது வேண்டும். இரண்டாம் வாய்ப்பில் அது முழங்காலைத் தாண்டவில்லை.

இன்னும் ஒரு வாய்ப்பு. ஐந்து நிமிடம் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் நின்றான்.

"ஒண்ணு சொல்லணும்," என்றாள்.

"இப்பப் பேசாதீங்க. மூச்சு வாங்குங்க."

"இப்பத்தான் சொல்லணும். தூக்கிட்டு வந்து சொன்னா சந்தோசத்துல சொன்னதாயிரும். தோத்துட்டு வந்து சொன்னா அழுகையில சொன்னதாயிரும்." மூச்சை இழுத்தாள். "கம்பிய விட்டுட்டா உங்களப் பாக்க முடியாதுன்னு பயமா இருக்கு. கம்பி வேற, நீங்க வேறன்னு பிரிக்க நெனச்சேன்... முடியல. எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. கம்பி மேல வந்தாலும், வராட்டியும்."

அவன் வாயைத் திறந்தான். மைக்கில் அவள் பெயர் கேட்டது.

"இருங்க, வந்துருதேன்," என்று எழுந்து போனாள்.

குனிந்தாள். பிடித்தாள். மண்டபம் முழுவதும் கத்தியது. அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. கம்பி மெல்ல எழுந்தது, முழங்காலில் தயங்கியது, தாண்டியது. நிமிர்ந்து நின்றாள்.

மூன்று நடுவர்களின் வெள்ளை விளக்குகளும் எரிந்தன. தூக்கியது செல்லும்.

மாஸ்டர் கந்தப்பன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினார். அவள் மேடையிலிருந்து இறங்கி நாற்காலிக்கு வந்தாள். அவன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் பாட்டிலை மூடியோடு நீட்டினான்.

"எனக்கும் அதேதானுங்க," என்றான்.

"எது?"

"நீங்க சொன்னது." தரையைப் பார்த்தான். "நீங்க லீவு போட்ட வாரம்... நானும் போகலீங்க. மொத நாள் மட்டும் போனனுங்க. நீங்க இல்லைன்னு தெரிஞ்சேதான் போனன். கம்பி நகரவே இல்லீங்க."

"எவ்ளோ வெச்சீங்க?"

அவன் காதெல்லாம் சிவந்தது.

"அம்பதுங்க."