காலிப் பீப்பாய்

காலிப் பீப்பாய் கொதிக்காது. இது சிமியோனுக்குத் தெரியும், அந்த ஊர் நாய்க்குக்கூடத் தெரியும். ஆனாலும் சனிக்கிழமை மதியம் அவன் சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தபோது, தரைக்குக் கீழே நிலவறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. குளுக். சற்றுப் பொறுத்து இன்னொரு குளுக். புதுத் திராட்சைச் சாறு பீப்பாய்க்குள் புளித்துப் பொங்கத் தொடங்கும்போது வருகிற சத்தம் அது.

அவன் நிலவறையில் இந்த வருஷம் ஒரு சொட்டு கிடையாது. திராட்சையைக் கொடியில் இருந்தபடியே பக்கத்து வீட்டுத் திரிஃபனுக்குத் தள்ளிவிட்டான். மூன்று பீப்பாய்களையும் வெந்நீர் ஊற்றிக் கழுவி, கந்தகத் திரி கொளுத்திக் காட்டி, கவிழ்த்துப் போட்டுக் கதவைப் பூட்டியிருந்தான். சாவி அவன் கழுத்தில் சிலுவையோடு தொங்கியது.

அவன் குடியை விட்டுப் பதினோரு மாதமும் மூன்று வாரமும் ஆகியிருந்தன. அது நடந்தது போன வருஷம் அக்டோபரில், ஊர் முழுக்கச் சாறு கொதித்த சமயம். அந்த நாட்களில் சாற்றிலிருந்து கிளம்பும் வாயு தேங்கி, மூச்சு விட முடியாதபடி நிலவறைக் காற்று கெட்டுப்போய்க் கிடக்கும். மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள், சுடர் அணைந்தால் திரும்பி ஓடிவருவார்கள். சிமியோனுக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது? இருட்டில் இறங்கி, பீப்பாயில் ரப்பர் குழாயை விட்டு உறிஞ்சி, அங்கேயே சரிந்தான். அப்பா எங்கே விழுந்து கிடந்தாலும் தேடிப்போய் பூட்ஸைக் கழற்றிவிடுவது மகள் இலிங்காவின் வழக்கம். ஆறு வயது. அன்றும் இறங்கிப் போயிருக்கிறாள். திரிஃபன் ஓடிவந்து இரண்டு பேரையும் வெளியே இழுத்துப் போட்டபோது பிள்ளை நீலம் பாரித்திருந்தாள், கையில் ஒரு பூட்ஸ். எப்படியோ பிழைத்துக்கொண்டாள்.

இத்தாலியில் கிழவர்களுக்குப் பணிவிடை செய்யும் அவன் மனைவி லிடியா போனில் அழவில்லை, திட்டவும் இல்லை. "ஒரு வருஷம் குடிக்காம இரு, பிள்ள உங்கிட்ட இருக்கட்டும். நடுவுல ஒரு மொடக்கு குடிச்சாலும் எங்கக்கா வந்து கூட்டிட்டுப் போயிருவா. அப்புறம் உனக்கு மகளே கெடையாது."

அந்த அக்கா பரஸ்கா, சனிக்கிழமை தவறாமல் வந்து அவன் வாயை மோந்து பார்ப்பாள். அன்றும் மூன்று மணிக்கு வந்தாள்.

"ஊது."

ஊதினான்.

"இன்னொரு வாட்டி ஊது." அவள் முகம் சுளித்தது.

"என்ன மதினி, குடிச்சிருக்கேனா?"

"மத்தியானம் என்ன தின்ன?"

"களியும் பூண்டும். பச்சப் பூண்டு, நாலு பல்லு."

"பூண்டுகூட அடிக்கலையே. ஒண்ணுமே வரலையே சிமியோன் உன் வாயிலேருந்து." மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டாள். "சரி போ. வர்ற சனிக்கிழமையோட வருஷம் முடியுது. நீ ரெண்டு வாரம் தாங்க மாட்டேன்னு ஊர் பூரா சொல்லி வச்சேன், என் மூஞ்சியில கரியப் பூசிட்ட."

"மதினி, கீழ ஏதாவது சத்தம் கேக்குதா?"

அவள் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு அவனையே பார்த்தாள். "எனக்குக் கேக்கல. உனக்குக் கேக்குதா?"

பிள்ளையின் துணிமணியை மூட்டை கட்ட அவளுக்கு ஒரு சாக்கு போதும்.

"எலியா இருக்கும்," என்றான்.

பரஸ்கா போனதும் சத்தம் பெருகியது. ஒரு பீப்பாய் இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. இனிப்பும் புளிப்புமாய் அந்த வாசனை தரைப்பலகை இடுக்குகளில் ஏறி அவன் கணுக்காலைத் தொட்டு, முழங்காலைத் தொட்டு, மூக்குக்கு வந்தது. வாயில் எச்சில் ஊறியது. ஆசையாக இருந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது, உயிரே போகிறாற்போல ஆசையாக இருந்தது. தன்மீதே வெறுப்பு வந்து, கிணற்றடிக்கு ஓடித் தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டான். முற்றத்து வெயிலில் இலிங்கா உட்கார்ந்து வால்நட் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். சாயம் ஏறிக் கையெல்லாம் கறுத்திருந்தது.

இரண்டாவது வாளியைத் தூக்கும்போது அந்தக் குரல் கேட்டது. நாக்கு தடித்த, கொஞ்சுகிற, கேவலமான குரல்.

"இலிங்கா... எங்கண்ணு... அப்பாவுக்கு பூட்ஸைக் கழட்டி விடும்மா..."

அது அவனுடைய குரல்தான். நிலவறையிலிருந்து வந்தது.

திரும்பிப் பார்த்தான். வால்நட் கூடை கவிழ்ந்து கிடந்தது. நிலவறைக் கதவு விரியத் திறந்திருந்தது. கழுத்தைத் தடவினான். சாவி கழுத்தில்தான் இருந்தது.

சமையலறைக்கு ஓடி மெழுகுவத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்தான். மொத்தம் ஒன்பது படி. மூன்றாம் படியில் சுடர் நிமிர்ந்து நின்றது. ஐந்தாம் படியில் குறுகியது. ஏழாம் படியில் அணைந்தது.

திரும்ப வேண்டும். திரும்பினால் பிள்ளை?

"இலிங்கா."

"இங்கதான்ப்பா இருக்கேன்." தூக்கக் கலக்கமான குரல். "கழட்டிட்டுதான் இருக்கேன்."

"மேல வந்துடு தங்கம். அது அப்பா இல்ல."

"நீங்கதான்ப்பா."

மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினான். எட்டு. ஒன்பது. கை நீட்டினான். பீப்பாய் நிமிர்ந்து நின்றது. வெதுவெதுப்பாக. நிறைய. வாயில் ஏதோ கரித்தது.

ரப்பர்.

ரப்பர் குழாயின் ருசி. அதன்மேல் இனிப்பு.

"இல்ல," என்றான். நாக்கு தடித்திருந்தது. "நான் விட்டுட்டேன். பதினோரு மாசம் ஆச்சு..."

முதுகுக்குக் கீழே மண் ஈரமாக இருந்தது. எப்போது படுத்தான்? இங்கிருந்து எப்போதாவது எழுந்தானா? இடது கால் ஜில்லென்றிருந்தது. வெறுங்கால். வலது குதிகாலை இரண்டு சின்னக் கைகள் பற்றி இழுத்தன.

"இந்தக் காலக் கொஞ்சம் தூக்குங்கப்பா."

தூக்கப் பார்த்தான். கால் அசையவில்லை.

"தூக்குங்கப்பா..."

மேலே கதவு வெளிச்சமாக இருந்தது. திரிஃபன் ஓடிவருகிற சத்தத்துக்காகக் காத்திருந்தான். யாரும் ஓடி வரவில்லை. கைகள் இன்னொரு முறை இழுத்தன, முன்னைவிட மெதுவாக. அடுத்த முறை அதைவிட மெதுவாக. பிறகு இழுக்கவில்லை. பூட்ஸைப் பிடித்தபடி மட்டும் இருந்தன.

குளுக்.